படிப்பு இலவசம், பியூரெட் யார் வாங்குவது?

2 மார்ச் 2025, இரவு 9.40 (வாசகர் ஒருவரின் கேள்வி)

கென்யா, கானா போன்ற நாடுகளில் உயர்நிலைப் படிப்பை இலவசமாக்கிய பிறகு பள்ளிக்கூடங்கள் கெட்டுப்போய்விட்டன என்கிறார்கள். வகுப்பு நிரம்பி வழிகிறது, உட்கார மேசை இல்லை, ஆய்வுக்கூடத்தில் சாமான் இல்லை. கட்டணம் வாங்கிய காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது என்பது சரிதானே? சிங்கப்பூரில்கூடக் கட்டணம் வாங்கத்தானே செய்கிறார்கள்?

3 மார்ச், காலை 6.15

சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் முப்பத்தொரு வருடம் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆசிரியை இல்லை. பாடத்துக்கு முதல் நாள் மாலையே குப்பிகளை நிரப்பித் தட்டுகளை அடுக்கி வைப்பேன். பாடம் முடிந்ததும் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். எத்தனை போனது, எத்தனை முழுசாகத் திரும்பி வந்தது என்று எண்ணுவதுதான் என் வேலை. அதனால் இலவசக் கல்வி என்று யார் பேச்செடுத்தாலும் என் மனம் நேராக அலமாரிக்குத்தான் போகும்.

முதலில் நம் சிங்கப்பூர்க் கணக்கு. குடிமக்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் மாதம் 5 வெள்ளி, அதாவது 5 சிங்கப்பூர் டாலர். அதோடு இதரக் கட்டணம் 10 வெள்ளி. அதற்கு மேல் பள்ளி தன் தேவையைப் பார்த்து வாங்கக்கூடியது அதிகபட்சம் இன்னொரு 10 வெள்ளி. மொத்தம் 25ஐத் தாண்டாது. தொடக்கப்பள்ளியில் அந்த 5 வெள்ளியும் கிடையாது. இந்தப் பணத்தில் பள்ளி நடக்கிறது என்று நினைக்கிறீர்களா? அரசாங்கம் போடும் பணத்தில் நடக்கிறது. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் கட்டுவது வேறு கணக்கு, அது பல மடங்கு. அதை இங்கே சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

ஆக, பெயருக்குக் கட்டணம் இருந்தாலும் நம் பிள்ளைகளும் ஏறக்குறைய இலவசமாகத்தான் படிக்கிறார்கள். ஆய்வுக்கூடம் கெட்டுப்போகவில்லையே. சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது என்பதை நான் ஏற்கமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளை பீக்கரை உடைப்பது அப்பா கட்டணம் கட்டவில்லை என்பதற்காக இல்லை. கை ஈரமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

3 மார்ச், இரவு 10.05

வேலைக்குப் போகும் அவசரத்தில் யாரோ சுருக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள்: "அப்படியானால் கானாவில் நடந்தது என்ன?"

கானாவில் 2017 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை இலவசமாக்கினார்கள். அதிபர் அக்குஃபோ அட்டோ அறிவித்தபோது என்னென்ன கட்டணம் இருக்காது என்று வரிசையாகச் சொன்னார். சேர்க்கைக் கட்டணம், நூலகக் கட்டணம், அறிவியல் கூடக் கட்டணம், கணினிக் கூடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தண்ணீர் மின்சாரக் கட்டணம், எதுவும் கிடையாது. புத்தகமும் விடுதியும் சாப்பாடும் இலவசம். நான் அந்தப் பட்டியலை வேறு மாதிரி படித்தேன். அதுவரை அந்தப் பள்ளிகளின் நூலகமும் அறிவியல் கூடமும் யார் பணத்தில் ஓடின என்று அதில் இருக்கிறது.

அந்தக் கட்டணங்களை எடுத்தது நல்ல காரியம். எடுத்த இடத்தில் அதே அளவு பணம், அதே நேரத்தில் வந்து விழ வேண்டும். அதற்குள் பிள்ளைகள் வந்து குவிந்துவிட்டார்கள். அடுத்த வருடமே, 2018இல், இரட்டைத் தடம் என்று ஒரு முறை கொண்டு வந்தார்கள். பிள்ளைகளைப் பச்சை, தங்கம் என்று இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டம் பள்ளியில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் விடுமுறையில் இருக்கும்படி மாற்றி மாற்றி அழைத்தார்கள். கட்டடம் ஒன்று, பள்ளி இரண்டு.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. நாளை எழுதுகிறேன்.

4 மார்ச், மாலை 4.30

நான் உயர்நிலை ஒன்றும் இரண்டும் படித்தது 1975, 76இல். மத்தியானப் பள்ளி. பெரிய வகுப்புகள் காலையில், நாங்கள் ஒரு மணிக்கு மேல். இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி என்று சிங்கப்பூர் பல வருடம் ஓட்டியது. தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் ஒரே வேளைக்கு மாற 2016 ஆகிவிட்டது.

நாங்கள் உள்ளே போகும்போது நாற்காலி இன்னும் சூடாக இருக்கும். மேசையின் உள்ளறையில் ஆரஞ்சுத் தோல், பென்சில் சீவல். என் மேசையில் காலையில் உட்காரும் அக்கா யார் என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்: "மை கொட்டாதே, என் பாவாடையில் ஒட்டுகிறது." நான் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, ஒரு தேன்மிட்டாயும் வைத்தேன். மறுநாள் மிட்டாய் உறை மட்டும் நான்காக மடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு வருடம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது அந்த அறைக்குள்தான்.

இனிப்பான ஞாபகம்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது தெரியுமா? காலைக்காரர்கள் பயன்படுத்தி முடித்து, கழுவி, அடுக்கி முடிக்கும்போது எங்கள் முதல் இரண்டு பாடவேளை போய்விடும். அங்கே இருந்தவர் ஒரே ஒரு ஆய்வக உதவியாளர், இரண்டு பள்ளிக்கும் அவர்தான். எங்கள் ஆசிரியர் பெரும்பாலும் தானே செய்து காட்டுவார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். நான் முதன்முதலில் என் கையால் பன்சன் விளக்கைப் பற்ற வைத்தது உயர்நிலை மூன்றில்.

தமிழ் வகுப்புக்கு அறையே இல்லை. இரண்டு மூன்று வகுப்புகளில் இருந்து எங்களைச் சேர்த்து கேண்டீன் மூலையில் உட்கார வைப்பார்கள். மீ கோரேங் வாசனையோடுதான் நான் திருக்குறள் படித்தேன்.

அதனால் கானாவின் பச்சையையும் தங்கத்தையும் பார்த்து எனக்கு ஏளனம் வரவில்லை. கட்டடம் வளர்வதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களை வாசலில் நிற்க வைப்பதைவிட இரண்டு வேளை நடத்துவதே மேல். அந்த நிலை எத்தனை வருடம் நீடிக்கிறது, அதற்குள் ஆள் பலத்தையும் சாமானையும் கூட்டுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

5 மார்ச், இரவு 11.20

கென்யாவைப் பற்றிக் கேட்ட ஜூரோங் ஐயாவுக்கு.

கென்யாவில் தொடக்கக் கல்வி 2003இல் இலவசமானது. அங்கே படித்து முடித்த பிள்ளைகள் மேலே போக வேண்டுமே, அதனால் 2008இல் உயர்நிலைக்கும் கற்பித்தல் கட்டணத்தை எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் 10,265 ஷில்லிங் என்று அரசாங்கம் பள்ளிக்குக் கொடுக்கும். விடுதியில் தங்கினால் அந்தச் செலவு பெற்றோருடையது. சீருடை, மதியச் சாப்பாடும் அவர்கள் தலையில்தான்.

அந்த 10,265ஐ எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். புத்தகம், நோட்டு, சாக்பீஸ், ஆய்வுக்கூடச் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,600. ஆசிரியர் அல்லாத ஊழியர் சம்பளத்துக்கு 3,965. தண்ணீர், மின்சாரத்துக்கு 500. பழுது பார்க்க, பராமரிக்க, மேம்படுத்த மூன்றுக்கும் சேர்த்து 400.

நானூறு. அன்றைய மதிப்பில் பத்து சிங்கப்பூர் வெள்ளிகூட வராது, ஒரு முழு வருடத்துக்கு. கூரை ஒழுகினாலும் அதில்தான், கழிப்பறைக் கதவு விழுந்தாலும் அதில்தான். பிள்ளைகள் எண்ணிக்கை கூடக் கூட இந்தத் தொகையும் கூடும் என்பது உண்மை. ஆனால் எண்பது பேர் நடக்கும் தரை நாற்பது பேர் நடக்கும் தரையைப் போல் இரண்டு மடங்கு மட்டுமா தேயும்? நாற்பது பேருக்கு என்று கட்டிய கழிப்பறையில் எண்பது பேர் போனால் அது இரண்டு மடங்கு வேகத்தில் கெடாது, ஒரே மாதத்தில் பூட்டு விழும். பூட்டிய பிறகு பக்கத்தில் இருப்பதற்குக் கூட்டம் போகும், அதுவும் போகும்.

என் மகள் 2019இல் கிசுமு பக்கம் ஒரு பகல் பள்ளியில் மூன்று வாரம் தொண்டூழியம் செய்தாள். அங்கிருந்து படம் அனுப்பினாள். யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் போதும், ஆய்வுக்கூடத்தைக் காட்டு என்றேன். காட்டினாள். சுத்தமான அறை, தரை பெருக்கியிருந்தது. மூன்றாம் படிவத்தில் ஒரு வகுப்புக்கு 64 பேர். திரவத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் 11. "தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் நிற்க வை, எதில் மட்டம் இறங்குகிறது என்று பார்" என்றேன். ஐந்தில் இறங்கியது.

64 பேருக்கு ஆறு பியூரெட். இது யார் தப்பு? பிள்ளைகள் வந்தது தப்பா?

6 மார்ச், காலை 7.00

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 10,265 இப்போதைய தொகை இல்லை. 2018இல் அதை 22,244 ஆக உயர்த்தினார்கள், பராமரிப்புக்கு உள்ள பங்கையும் நன்றாகவே கூட்டினார்கள். அதே வருடம் பாடப்புத்தகங்களை அரசாங்கமே நேராகப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. நான் சொன்ன குறை அங்கிருப்பவர்களுக்கே தெரிந்து சரி செய்யப் பார்த்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எழுதியது நியாயம் இல்லை.

மகள் போனது அதற்குப் பிறகு, 2019இல்தானே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம். பத்து வருடம் சரியாகப் பார்க்காமல் விட்ட சாமானை ஒரு வருடப் பணம் தூக்கி நிறுத்தாது.

6 மார்ச், இரவு 9.15

பியூரெட் என்றால் என்ன என்று உட்லண்ட்ஸ் தங்கை கேட்டிருக்கிறார். நீளமான கண்ணாடிக் குழாய், பக்கத்தில் அளவுக் கோடுகள், கீழே ஒரு சின்னத் திருகு. திருகைத் திறந்தால் திரவம் சொட்டுச் சொட்டாக விழும். அமிலமும் காரமும் எந்த அளவில் சரியாகச் சேருகின்றன என்று கண்டுபிடிக்க, அதாவது டைட்ரேஷனுக்கு. திருகு ஒழுகினால் கணக்கு தப்பு, கணக்கு தப்பினால் மதிப்பெண் போச்சு. கென்யாவின் இறுதித் தேர்விலும் இது உண்டு, நம் சாதாரண நிலைத் தேர்விலும் உண்டு.

நம் ஊரிலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடையாது. செய்முறைத் தேர்வை முறை வைத்து நடத்துவோம். முதல் கூட்டம் எழுதி முடிக்கும் வரை அடுத்த கூட்டத்தை ஓர் அறையில் உட்கார வைத்துவிடுவோம், இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ள முடியாது. முதல் கூட்டம் போனதும் எனக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் எல்லா மேசையும் துடைத்து, பியூரெட்டுகளை அலசி, எழுத்து ஒட்டிய குப்பிகளை மறுபடியும் நிரப்பி வைக்க வேண்டும். ஒரு மேசையில் ஒரு குப்பி மாறிப்போனால் ஒரு பிள்ளையின் தேர்வு. அந்த நாட்களில் நான் காலை உணவு சாப்பிட்டதே இல்லை.

ஆனால் என்னால் அதைச் செய்ய முடிந்தது. அலமாரியில் உபரி இருந்தது. தேர்வு நடுவில் ஒன்று உடைந்தால் அடுத்த நிமிடம் இன்னொன்று. அந்த உபரிதான் வசதி என்று நான் நினைக்கிறேன்.

8 மார்ச், மதியம் 2.10

கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, "கட்டணம் இருந்த காலத்தில் அந்த 11 பியூரெட்டும் போதுமானதாக இருந்ததே" என்று எழுதியிருக்கிறார்.

இதற்கு இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

போதுமானதாக இருந்தது, ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் உள்ளே இல்லை. அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று நான் சொல்கிறேன். ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். என் அக்கா. தொடக்கப்பள்ளி ஆறோடு நின்றுவிட்டார். கட்டணம் பெரிய தொகை இல்லை, கேட்டால் தள்ளுபடிகூடக் கிடைத்திருக்கும். ஆனால் உயர்நிலைக்குப் புதுச் சீருடை, வெள்ளைக் காலணி, பேருந்துக் காசு, ஒரு கட்டுப் புத்தகம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் தினக்கூலி. எனக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்று ஆனபோது யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, அக்காவே புத்தகப் பட்டியலை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

நான் படித்த பள்ளியில் ஆளுக்கு ஒரு நுண்ணோக்கி கிடைத்திருந்தால் அதில் ஒன்று அக்காவுக்குச் சேர வேண்டியது. இன்றும் ஆய்வுக்கூடம் பற்றி நான் ஏதாவது சொன்னால் அக்கா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதை நான் வீட்டில் செய்து காட்டியபோது அவருக்கு வயது நாற்பது. எலுமிச்சம்பழம், சவர்க்காரத் தண்ணீர், ரசம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் தோய்த்துப் பார்த்தார்.

அதனால் கட்டணம் இருந்த காலத்தில் வசதி நன்றாக இருந்தது என்ற கணக்கை என்னால் ஏற்க முடியாது. அந்த வகுத்தல் கணக்கில் வெளியே நின்றவர்களைச் சேர்க்கவே இல்லை.

9 மார்ச், காலை 8.45

மேலே எழுதியதில் இருந்து இன்னொன்று தோன்றுகிறது. பள்ளிக் கட்டணத்தை மட்டும் எடுப்பது போதாது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் கட்டணத்தோடு பாடப்புத்தகம், சீருடை, போக்குவரத்து, பள்ளிச் சாப்பாடு எல்லாம் வருகிறது. 2025இல் வருமான வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள்: குடும்ப மாத வருமானம் 4,000 வெள்ளி வரை, இல்லை என்றால் தலைக்கு 1,000 வரை. தகுதி இருந்தும் கூச்சத்தால் விண்ணப்பிக்காத நம்மவர்களை எனக்குத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். யாரும் உங்களைக் கீழாகப் பார்க்கப் போவதில்லை.

11 மார்ச், இரவு 10.30

தமிழ்நாட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு. அங்கே நடந்த ஒன்று எங்கள் குடும்பத்தில் கதையாகவே இருக்கிறது.

காமராசர் காலம். மதிய உணவு 1956இல் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைகூடச் சரியாக இல்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று 1958இல் ஆரம்பித்தார். ஊர் ஊராக நடந்தது. ஊர்க்காரர்களே மேசை, நாற்காலி, பலகை, நிலம், சுண்ணாம்பு அடிக்கும் கூலி என்று அவரவர் முடிந்ததைக் கொடுத்தார்கள். அரசாங்கத்திடம் இல்லாததை ஊர் சேர்ந்து கொடுத்தது. நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

மன்னார்குடி பக்கத்தில் என் பெரிய மாமா கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோய் மாட்டினார்களாம். நான் 1988இல் அந்த ஊருக்குப் போனபோது மாமா என்னை முதலில் அழைத்துப் போனது பள்ளிக்கூடத்துக்கு. கடிகாரம் அதே ஆணியில் இருந்தது. நாலே காலில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கேட்டேன். சாவி தொலைந்தது, பிறகு ஸ்பிரிங் போனது, பட்டுக்கோட்டையில் ஒருவர் சரி செய்வார், யார் எடுத்துப் போவது என்றார் தலைமை ஆசிரியர். அவர் மேலும் தப்பில்லை. அவரிடம் அதற்கென்று ஒரு ரூபாய் கணக்கில் இல்லை.

மாமா பேசாமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார்.

12 மார்ச், காலை 6.50

மட்டக்களப்பு நண்பர் எழுதியதைப் படித்தேன். இலங்கையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி 1945இல் இருந்து, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. இதில் எந்த ஆசிய நாட்டுக்கும் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. அப்புறம் பள்ளிகள் "வசதிக் கட்டணம்" வாங்கி வந்தன என்கிறார் அவர், அதைத் தவிர அபிவிருத்திச் சங்கச் சந்தா, வர்ணம் பூச, மின்விசிறி போட என்று அவ்வப்போது.

பெயரைப் பாருங்கள், வசதிக் கட்டணம். படிப்பு இலவசம், வசதிக்குக் காசு. பணம் உள்ள பெற்றோர் இருக்கும் பள்ளியில் மின்விசிறி சுற்றும், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் எப்படிச் சுற்றும்? வாசலில் எடுத்த வேறுபாடு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

12 மார்ச், இரவு 9.00

இதைச் சொல்லும்போது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் சொல்ல வேண்டும். கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தொடங்கியது. உயர்நிலை வரை தமிழிலேயே படிக்க முடிந்த ஒரே பள்ளி சிங்கப்பூரில் அதுதான். பணக்காரச் சமூகம் இல்லை நம்முடையது. இருந்தும் நடத்தினார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போகப் போக எண்ணிக்கை குறைந்து 1982இல் மூடியது. பெயர் இன்று பீட்டி ரோட்டில் உள்ள தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. நிறையப் பிள்ளைகள் வந்து வசதி போதாமல் போவது ஒரு துன்பம். பிள்ளைகளே வராமல் மேசைகள் சும்மா கிடப்பது இன்னொரு துன்பம். முதல் துன்பத்துக்கு மருந்து இருக்கிறது.

15 மார்ச், மாலை 5.20

கற்றல் சாமான் என்றால் புத்தகமும்தான். பழைய பாடப்புத்தகங்களைச் சேகரித்துக் கொடுக்கும் ஃபேர்பிரைஸ் பேரங்காடியின் திட்டம் 1983இல் இருந்து நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் புளோக்கிலும் நாலைந்து பேர் சேர்ந்து வருடக் கடைசியில் சேகரிக்கிறோம். முதல் வருடம் நான் பெருமையோடு பதினேழு பெட்டி கட்டினேன். அதில் ஆறு பெட்டி யாருக்கும் ஆகவில்லை. பாடத்திட்டம் மாறியிருந்தது. உள்ளே பாடம் ஏறக்குறைய அதேதான், அத்தியாயம் முன்பின்னாக இருக்கிறது, பயிற்சி எண் வேறு. ஆசிரியர் "பக்கம் 84" என்று சொல்லும்போது பழைய புத்தகம் வைத்திருக்கும் பிள்ளை மட்டும் தேடிக்கொண்டிருக்கும். அந்தச் சங்கடம் பிடிக்காமலே சில பிள்ளைகள் பழைய புத்தகத்தைப் பையை விட்டு எடுப்பதில்லை. இப்போது நாங்கள் பதிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வேதியியல் புத்தகமாக இருந்தால் நான் ஓரக் குறிப்புகளையும் படிப்பேன். போன டிசம்பரில் ஒன்றில் "ஜனவரியில் இதைப் படிக்கப் போகும் உனக்கு: மோல் கணக்கு பயப்படாதே, பக்கம் 112இல் என் வழி எளிது" என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதை அழிக்காமல் அனுப்பினேன்.

16 மார்ச், காலை 9.30

மடிக்கணினியையும் சொல்லுங்கள் என்கிறார் பீஷான் தம்பி. சரி. 2021க்குள் எல்லா உயர்நிலை மாணவர்கள் கையிலும் கற்றல் சாதனம் கொடுத்து முடித்தார்கள். முதலில் 2028 என்று இருந்தது, நோய்த்தொற்று வந்ததால் முன்னுக்கு இழுத்தார்கள். பிள்ளையின் படிப்புக்கு அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கில் இருந்து வாங்கலாம், வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் மானியம் உண்டு. வேகமாகவும் நன்றாகவும் செய்தார்கள்.

என் பேரனின் சாதனம் இரண்டாம் வருடம் மின்னேற்றம் ஏறாமல் போனது. பள்ளியிலேயே பழுது பார்க்கும் மேசை இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார், அன்றைக்கே மாற்றுச் சாதனம் ஒன்றைக் கையில் கொடுத்தார். எனக்கு அந்த மேசையைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. பேரனுக்குப் புரியவே இல்லை, பாட்டி ஏன் ஒரு மேசையைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று.

16 மார்ச், காலை 9.55

ஒரு விஷயம் விட்டுப்போனது. நம் ஊரிலும் இது தானாக நடக்கவில்லை. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும் பெரிய திட்டம் 1999இல்தான் தொடங்கியது. எங்கள் பள்ளி முறை வந்தபோது தற்காலிக வளாகத்துக்கு மாறினோம். நுண்ணோக்கிகளை லாரியில் ஏற்ற விடாமல் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்து டாக்சியில் கொண்டுபோனேன், நாலு நடை.

19 மார்ச், இரவு 8.40

இரண்டு பேர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன், ஒழுகும் பியூரெட்டை என்ன செய்வது என்று. கண்ணாடித் திருகாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். திருகைக் கழற்றி, பழைய பசையை டிஷ்யூ தாளால் சுத்தமாகத் துடைத்து, உலர விடுங்கள். வாசலினை விரல் நுனியில் மிளகளவு எடுத்து, திருகின் இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். நடுவில் துளை இருக்கும் இடத்தில் படக்கூடாது, அடைத்துக்கொள்ளும். உள்ளே செருகி நாலைந்து சுற்று சுற்றினால் கண்ணாடி தெளிவாகத் தெரியும். கோடு கோடாகத் தெரிந்தால் போதவில்லை. கடைசியில் திருகு நழுவாமல் ஒரு ரப்பர் வளையம். டெஃப்லான் திருகு என்றால் பசை வேண்டாம், பின்பக்கம் உள்ள மரையைக் கொஞ்சம் இறுக்கினால் போதும்.

2019இல் இதையே மகளுக்கு வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுத்தேன். அங்குள்ள ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் பக்கத்தில் நின்று செய்தார்கள். ஐந்தில் மூன்று ஒழுகுவது நின்றது. ஆறு, ஒன்பதானது. மீதி இரண்டில் நுனியே உடைந்திருந்தது. அந்த ஆசிரியர் இன்னும் வருடம் ஒருமுறை எனக்கு எண்ணிக்கை அனுப்புவார். இந்த ஜனவரியில் வந்தது: பிள்ளைகள் 71, பியூரெட் 20, எதுவும் ஒழுகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் வடிகால் மட்டும் அடைத்திருக்கிறது, பிளம்பருக்குப் பணம் அடுத்த தவணையில் வருமாம்.